குப்புறப் படுத்த மாதங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நோய் என்ன, மருந்து என்ன என்பதெல்லாம் பிறகு. "ஏன் இப்புடிக் குப்புறக் கெடக்குறீங்க?" என்பதுதான் முதலில் வந்தது. முழங்கால் நிமிர்வதற்காக என்று சொன்னால் தலையை ஆட்டினார்கள். நம்பியதாகத் தெரியவில்லை. பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் நான். எதையும் நாலு வரியில் சொல்லிப் பழக்கம். இதை மட்டும் நாலு வரியில் சொல்ல முடியவில்லை. இதே நோயோடு தேயிலைத் தோட்டங்களில் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் உதவலாம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் மனைவி காமாட்சி கொழுந்து பறிக்கிறாள். அவளுக்குத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில்தான், வரிசை வீடுகளில் ஓர் ஒற்றை அறையில், குடியிருக்கிறோம். பகலில் நான் கடைவீதியில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, கொழும்புத் தமிழ்த் தினசரி ஒன்றுக்கு அந்தப் பள்ளத்தாக்கின் நிருபராகவும் இருந்தேன். மண்சரிவு, சங்கக் கூட்டம், திருவிழா, பஸ் விபத்து எதுவானாலும் நடந்து போய்ப் பார்த்துத்தான் எழுதுவேன். எங்கள் லயம் மலையின் மேற்புறத்தில் இருக்கிறது. ரோட்டில் இறங்கியதும் தேயிலைக்கு நடுவே செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். நடக்க முடியாதவனுக்கு அது வீடல்ல, சிறை.

நோய் விரல்களில் தொடங்கியது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தூக்கினேன். வெயில் ஏறியதும் சரியாகிவிட்டது. பனியில் கை விறைத்துப்போனது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பிறகு மணிக்கட்டு, அதன் பிறகு முழங்கால். வலக்கையில் வந்தது சில நாட்களில் இடக்கையிலும் வந்தது. இந்த நோய் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பூசிக்கொள்ள எண்ணெயும் வெள்ளை மாத்திரையும் கொடுத்தார். காமாட்சி நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். தாடையும் வலிக்கத் தொடங்கியபோது ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் ஊறப்போட்டுக் கொடுத்தாள். ஒருநாள் கடையிலிருந்து திரும்பும்போது பாதி மலையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அவளுடைய அண்ணன் வேலு வந்து முதுகில் சுமந்துகொண்டு போனான்.

"மச்சான், பேப்பர்ல எழுதுறவங்க கனக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றான். "உள்ளுக்குள்ள நெறைய சேதி வச்சிருக்கீங்க போல."

மறுவாரம் அதே முதுகில் ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து, எங்கள் பகுதியின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது எந்த ஆஸ்பத்திரி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. வெளிநோயாளர் கூடத்தில் நீண்ட மரப்பெஞ்சுகள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் உட்கார்ந்தபடியே நகர வேண்டும். நகர்ந்து நகர்ந்தே பெஞ்சு பளபளத்திருந்தது. எழும்பாமல் நகர முடிந்தது எனக்கு வசதியாக இருந்தது.

பரிசோதனைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள். சிவப்பு மெல்ல அடியில் இறங்க, மேலே மஞ்சள் நீர் தெளிகிறது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் சிவப்பு வேகமாக இறங்குமாம். என்னுடையது மளமளவென்று இறங்கியது. குழாயைப் பார்த்த டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நடுத்தர வயது.

"இது ரூமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். ஊரில முடக்கு வாதம் எண்டு சொல்லுறது" என்றார். "மூட்டுக்குள்ள மெல்லிய சவ்வு ஒண்டு இருக்கு. அதுதான் மூட்டுக்கு எண்ணெய் விடுறது. உமக்கு அது வீங்கி எலும்பை அரிக்கத் தொடங்கியிருக்கு."

"மாறுமா?"

"மாறாது. ஆனா அடக்கி வைச்சிருக்கலாம். மருந்து பாதி, பயிற்சி பாதி."

மருந்து என்பது பெரும்பாலும் ஆஸ்பிரின். நிறைய ஆஸ்பிரின். சில நாட்களில் காதுக்குள் தேயிலை ஃபேக்டரி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் சொல்ல வேண்டும், அளவைக் குறைப்போம் என்றார்கள். புதிதாக வந்த ஊசிகளும் இருந்தன. அவை எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

பயிற்சி என்பது மிஸ் சோமா. கொழும்பில் பிசியோதெரபி படித்துவிட்டு வந்த சிங்களப் பெண். வாரத்தில் இரண்டு நாள் காலையில் எங்கள் வார்டுக்கு வருவாள். வெள்ளைக் கவுன், ரப்பர் அடி வைத்த சப்பாத்து, கையில் முழங்காலின் கோணத்தை அளக்கும் தகட்டுக் கருவி. தமிழ் கொஞ்சம் பேசுவாள். கஷ்டமான இடங்களில் அட்டெண்டன் சவரிமுத்து மொழிபெயர்ப்பான். உருகிய மெழுகில் என் கைகளை முக்கி எடுப்பாள். மெழுகு கையுறை போலப் படிந்து, உள்ளே இதமாகச் சூடு ஏறும். அது ஆறியதும் உரித்துவிட்டு விரல்களை மடக்கி நீட்டச் சொல்வாள். அதுவரை எல்லாம் சுகம்தான்.

முழங்கால்தான் சிக்கல். வலிக்கிற முழங்காலை யாரும் நீட்டி வைப்பதில்லை, மடக்கித்தான் வைப்போம். மடக்கினால் வீங்கிய மூட்டுக்குள் இடம் கிடைக்கிறது, வலி குறைகிறது. ஆனால் மடங்கியே கிடந்தால் பின்பக்கத்துத் தசைநார்கள் குறுகி, கால் அந்த நிலையிலேயே இறுகிவிடும். லயத்தில் நோயோடு இருந்த மாதங்களில் இரவெல்லாம் மடக்கியே படுத்ததால் என் இரண்டு முழங்கால்களும் ஏற்கனவே பாதி இறுகிவிட்டிருந்தன. மிஸ் சோமா மாவுக்கட்டுக்கான பாரிஸ் சாந்தில் காலின் பின்புறத்துக்கு அளவாக இரண்டு பாதிக் கூடுகள் செய்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகிலிருந்து மறுநாள் காலைவரை கால்களை அவற்றுக்குள் நீட்டி வைத்துத் துணியால் சுற்ற வேண்டும். பாதங்கள் வெளிப்பக்கம் சரியாமலிருக்க இரண்டு பாதங்களையும் சேர்த்து ஒரு கட்டு.

"தலையணை கீழ வைக்க வேணாம்" என்று முழங்காலுக்கு அடியைக் காட்டினாள். "ஒரு நாளும் வேணாம். சரியா?"

"சரி மிஸ்."

கூடு போட்ட முதல் நாள் மாலையில் காமாட்சி வந்தாள். காலையில் கொழுந்து எடுத்துவிட்டு, மத்தியானம் கங்காணியிடம் சொல்லிக்கொண்டு, பஸ் மாறி வருவாள். ஒருநாள் விட்டு ஒருநாள் இந்த ஓட்டம். கையில் ரொட்டியும் இடிசம்பலும், தலையில் மழைக்குப் போட்ட கறுப்புக் கம்பளி. வார்டு வாசலில் சிரித்துக்கொண்டே வந்தவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரு கட்டுனா?"

"மிஸ் கட்டினாங்க. ராத்திரி முழுக்க இப்படித்தான் இருக்கணுமாம்."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பாதத்துக் கட்டை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். கூடுகளின் கட்டையும் அவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தலையிலிருந்த கம்பளியை நாலாக மடித்து என் முழங்கால்களுக்குக் கீழே செருகினாள்.

"மடக்கிக்குங்க. கொஞ்சம் மடக்கிக்குங்க, என்னாங்க."

மடக்கினேன். பல வாரங்களாக அறியாத நிம்மதி. என் வலியைப் பார்க்கப் பொறுக்காமல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மல்லாந்து கிடப்பவனுக்குத் தன் பாதங்கள் எதிரே நிற்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்பது தெரியாது.

அதன் பிறகு அவள் வந்த நாட்களிலெல்லாம் இதே நடந்தது. கூடு அவிழ்ந்து கிடப்பதைக் கண்ட நர்ஸ், அட்டெண்டன் அவிழ்த்ததாக நினைத்தாள். அட்டெண்டன், நர்ஸ் அவிழ்த்ததாக நினைத்தான். காலையில் டாக்டர் வருவதற்கு முன், அவள் விட்டுப்போகும் கம்பளி மற்றப் போர்வைகளோடு மடிக்கப்பட்டு அலமாரிக்குள் போய்விடும். நானும் யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லாத நேரத்தைப் பற்றி எந்த நோயாளி புகார் செய்வான்?

கோணம் மட்டும் பொய் சொல்லவில்லை. மிஸ் சோமா ஒவ்வொரு முறையும் தகட்டை வைத்து அளந்துவிட்டு மறுபடியும் அளப்பாள். கடைசியில் டாக்டரை அழைத்து வந்தாள். அவர் என் குதிகாலைப் பிடித்து மெல்ல அமுக்கினார். முழங்கால் அசையவில்லை. நான்தான் கத்தினேன்.

"இன்னும் ஒரு மாசம் பாப்பம்" என்றார். "அதுக்குள்ள நிமிராட்டி இப்பிடியே ஒட்டிப்போடும். பிறகு ஊன்றுகோலோட நாலு அடி நடக்கலாம். மலை ஏறுறது எண்டதை மறக்க வேண்டியதுதான்."

அன்று மாலை இதைக் காமாட்சியிடம் சொன்னேன். அவள் சம்பல் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏற முடியாட்டிப் போவுது" என்றாள். "நான் தூக்கிட்டுப் போறேன். கூடை தூக்குற முதுகுதானே. நீங்க என்ன, ரெண்டு கூடைக் கொழுந்து இருப்பீங்களா?"

"எத்தனை நாளைக்குத் தூக்குவ?"

"தூக்குற வரைக்கும்." ரொட்டியைப் பிய்த்தாள். "நீங்க இருந்தாப் போதும்."

சொல்லிவிட்டுக் குனிந்து, வழக்கம்போலக் கட்டை அவிழ்த்தாள்.

மறுவாரம் ஒரு பண்டிகை விடுமுறை குறுக்கிட்டதால் மிஸ் சோமா தன் நாளை மாற்றிக்கொண்டு ஒரு பிற்பகலில் வந்தாள். காமாட்சி அப்போதுதான் கம்பளியை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள். மிஸ் சோமா கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றதை நான் பார்த்தேன். சொல்ல நேரமில்லை. அவள் போர்வையை விலக்கினாள். கம்பளியை வெளியே இழுத்தாள். ஈரமும் புகையும் கொழுந்தும் கலந்த அதன் வாசனை கட்டிலைச் சுற்றிப் பரவியது. சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். வார்டு முழுவதும் திரும்பியது. சவரிமுத்து ஓடி வந்தான்.

"நோனா கேக்குறாங்க, ஒனக்குப் புருசன் நடக்க வேணாமான்னு. ராத்திரி பூரா நீட்டி வைக்கச் சொன்னா நீ வந்து மடக்கி வைக்கிறியே, எதுக்குன்னு கேக்குறாங்க."

காமாட்சி தலை குனிந்து நின்றாள். "வலிக்குதுன்னு வச்சா போல" என்று நான் குறுக்கிட்டேன்.

"வலிக்காக இல்ல" என்றாள் அவள்.

அவள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். கீழே கிடந்த துணிக் கட்டைக் காலால் தள்ளினாள்.

"பொணத்துக்குத்தான் இப்புடிக் கட்டுவாங்க, அண்ணே. வெள்ளத் துணி போட்டு, கால நீட்டி, ரெண்டு பெருவெரலையும் சேத்து... எங்க அப்பாவுக்கு நாந்தான் துணி கிழிச்சுக் குடுத்தேன். வாசல்ல நொழஞ்சு பாத்தா இவுக அப்புடியே கெடக்குறாங்க. நான் எப்புடிப் பாத்துக்கிட்டு நிப்பேன்? மடக்கி வச்சாத்தான் உசுரோட இருக்குற மாதிரி தெரியுது."

சவரிமுத்து மிகச் சுருக்கமாகச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். மிஸ் சோமா என் பாதங்களைப் பார்த்தாள். கையிலிருந்த கம்பளியோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது அவளே எங்களுக்குச் சொன்ன விதி.

"எங்க ஆளுங்களும் அப்பிடித்தான் கட்டுறது" என்று தமிழில் சொன்னாள். "எங்க அம்மாவுக்கும் கட்டினது. போன வருசம்."

காமாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இந்தக் கால் மட்டும்தான் தெரிஞ்சது" என்று முழங்காலைத் தொட்டாள் மிஸ் சோமா. "நீங்க நிக்கிற எடத்தில நின்டு பாக்கல்ல."

பிறகு சவரிமுத்துவிடம் ஏதோ சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, குப்புறப் போடலாமாம். குப்புறப் படுத்தாலும் கால் நீளுமாம், அதோட பாரமே அத அமுக்குமாம். மொதல்லயே செய்யணும்னு இருந்தாங்களாம், இவரு தோள் வலிக்குமேன்னு விட்டுட்டாங்களாம். கட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "குப்புறப் படுத்த பொணத்த எங்கயாச்சும் பாத்திருக்கியா நீ?"

காமாட்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூச்சு முட்டாதா?"

"மூஞ்சியத் திருப்பி வச்சிக்கிறது. கோழி தூங்குற மாதிரி."

அன்றே மெத்தைக்கு அடியில் பலகை போட்டார்கள். கட்டில் தொய்ந்திருந்தால் பயனில்லை. பாதங்கள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். தோளுக்குக் கீழே ஒரு மெல்லிய தலையணை. மல்லாந்து கிடந்தபோது கூரையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. குப்புறப் படுத்ததும் வார்டின் கீழ்ப்பாதி முழுவதும் தெரிந்தது. நர்ஸ்மாரின் சப்பாத்துகள், மலத்தட்டுகள், யாரோ கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த பீடிக் கட்டு. மூட்டு அசையாமல் தொடைத் தசையை மட்டும் இறுக்கி விடுவது இன்னொரு பயிற்சி. இறுக்கும்போது முழங்காற்சில்லு சற்று மேலேறும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இந்த வேலையைச் செய்து முடித்தால் உடம்பு வியர்த்துவிடும்.

காமாட்சியையும் மிஸ் சோமா பயிற்சியில் சேர்த்துக்கொண்டாள். குதிகாலில் கை வைத்து, அமுக்காமல், கையின் பாரத்தை மட்டும் விட வேண்டும். நான் எண்ணி முடித்ததும் காமாட்சி விட மாட்டாள்.

"இன்னும் ஒரு பத்து. நல்லாத்தானே வருது?"

"போதும்" என்பாள் மிஸ் சோமா. "கூடச் செஞ்சா மூட்டு வீங்கும்."

"இதுல கைக்காசு கெடையாது தங்கச்சி" என்பான் சவரிமுத்து. குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்குத் தோட்டத்தில் தனியாகக் கொடுப்பதுதான் கைக்காசு. "கூடச் செஞ்சா சம்பள வெட்டுத்தான் விழும்."

ஒரே ஒருநாள் அவன் இல்லாதபோது அவள் சொன்ன பத்தைச் செய்து பார்த்தோம். மறுநாள் முழங்கால் வீங்கியது. அதன்பின் அவள் கேட்கவில்லை.

ஒரு மாதம் முடிந்தபோது டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார். கத்தவில்லை நான். "அசையுது" என்றார். அவ்வளவுதான். ஆனால் மறுபடியும் ஒரு மாதம் தந்தார். அது முடிந்ததும், மிச்சத்தை வீட்டில் செய்யலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

லயத்துக் காம்பராவில் நான் நீளமாகப் படுத்தால் தலை அடுப்புப் பக்கமும் கால் வாசல் பக்கமும் வரும். வேலு தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறைந்து ஒரு மேடை செய்து கொடுத்தான். நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு முதலில் என் குதிகால்தான் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்க்க வேண்டும். கங்காணி அப்படிச் சாய்ந்தபோது தலைப்பாகை விழுந்தது. வந்தவர்களிடம் காமாட்சியே விளக்கம் சொன்னாள். பயிற்சிகளின் பெயர்கள் அவள் வாயில் மந்திரங்களைப் போல ஒலித்தன. தலையணையை யாராவது அன்போடு என் முழங்கால் பக்கம் நகர்த்தினால் அவள் குரல் மாறிவிடும்.

"அத வைக்காதீங்க. பாவம் பாத்தா காலு போயிரும்."

அந்த மாதங்களில் நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் குப்புறப் படுத்து எழுதியவை. கைகளை முக்க மெழுகுக்குப் பதிலாக வெந்நீர். விரல்கள் இரண்டு வரிக்கு மேல் தாங்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் என் நடை முன்னேறிவிட்டதாக எழுதியிருந்தார்.

மழை ஓய்ந்த பிறகு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லயத்திலிருந்து ரோடு வரை ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் வேலுவின் தோள். இறங்கிவிட்டேன்.

மிஸ் சோமா எங்களை ஒரு திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"இன்டைக்கு மல்லாந்து படுங்க. நான் பாக்கணும்."

படுத்தேன். மல்லாந்து கால் நீட்டி நான் படுப்பது கம்பளி பிடிபட்ட அந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. காமாட்சி கால்மாட்டுப் பக்கம் போகவில்லை. தலைமாட்டிலேயே நின்று, ஜன்னலைப் பார்த்தாள். கட்டிலின் மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதை நானும் கவனித்தேன்.

மிஸ் சோமா தகட்டுக் கருவியை எடுக்கவில்லை. "நீங்க பாருங்க காமாட்சி" என்றாள். "முழங்கால் கீழ கை போடுங்க. கை போனா இன்னும் வளைவு இருக்கு. போகாட்டி நல்லம்."

"நானா?"

"நீங்கதான். வீட்டில பாக்கப்போறது நீங்கதானே."

அவள் மெதுவாக வந்தாள். பறித்துப் பறித்துக் கறை ஏறிய அந்த விரல்களை வலது முழங்காலுக்கு அடியில் நுழைத்தாள். கை புறங்கைவரை போய் நின்றது. வலது கால் முழுதாக நிமிரவில்லை. அது இன்றுவரை நிமிரவில்லை. மலை ஏறும்போது அந்தக் காலை அரை அடி பின்னால் வைத்துத்தான் ஏறுகிறேன், ஆனால் ஏறுகிறேன். பிறகு இடது முழங்காலுக்குப் போனாள். விரல் நுனி நுழைந்தது. அதற்கு மேல் இடமில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். தசையும் விரிப்பும்தான் தட்டுப்பட்டிருக்கும்.

"போவல" என்றாள்.

"போகாது" என்றாள் மிஸ் சோமா. "அதுதான் வேணும். சரி, கையை எடுங்க."

காமாட்சி எடுக்கவில்லை. நான் தொடைத் தசையை இறுக்கினேன். கால் அவள் விரல்களின் மேல் அமுங்கியது.

"பாரமா இருக்கு" என்று மிஸ் சோமாவிடம் சொன்னாள். அப்போதுதான் திரும்பி என் பாதங்களைப் பார்த்தாள்.